பத்தியம் இருக்கட்டும், தண்ணியைக் குடுங்க!

நான் நன்னிலத்துலேருந்து வர்றேன்.

எதிரணியில பேசின அண்ணன், "பிள்ளை பெத்தவளுக்குப் பழைய பத்தியம்தான் மருந்து"ன்னு அடிச்சுச் சொன்னாரு. அண்ணே, நீங்க ஒரு நாளாவது அந்தப் பத்தியம் இருந்து பாத்திருக்கீங்களா? (பலத்த கைதட்டல்)

நான் இருந்தேன். 1996, சித்திரை வெயில், தலைப்பிரசவம். பருப்பு வாயு, பழம் சளி, கீரை தின்னா பிள்ளைக்குப் பேதி. தண்ணி கேட்டா, "வயிறு பெருத்துடும்"னு அரை டம்ளர் வெந்நீர். கொல்லையில முருங்கை காய்ச்சுத் தொங்குது, கிணத்துல தண்ணி கிடக்குது, நான் நாக்கு வறண்டு கிடக்கேன். ஏழாம் நாள் குழந்தைக்குப் பால் குடுக்கும்போதே கண்ணு இருட்டிடுச்சு, கை தளந்துடுச்சு. தங்கச்சி தாவிப் பிடிச்சா. இல்லேன்னா பிள்ளை தரையில.

தாய்ப்பால்ல 100-க்கு 87 பங்கு தண்ணிதான் ஐயா! தாய்க்குத் தண்ணி குடுக்காம பிள்ளைக்குப் பால் எங்கேருந்து வரும்?

பாட்டி சொன்னது எல்லாமே தப்புன்னு நான் சொல்லலை. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு எல்லாம் நல்ல சாப்பாடு. போடுறதுல தப்பில்லை, நிறுத்துறதுலதான் தப்பு. பால் குடுக்கிற முதல் 6 மாசம் தினம் 600 கலோரி கூடுதலா வேணும்னு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல சொல்லிடுச்சு. அதாவது வழக்கமா சாப்பிடுறதுக்கு மேல இன்னொரு வேளைச் சோறு. பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடணும்.

1987-ல வந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல, 2018-லேருந்து பணத்தோட சத்துமாவு, நெய், பேரீச்சம்பழம்னு பெட்டகமும் கர்ப்பிணிக்குத் தந்தாங்க. எங்க தெருவுல ஒரு வீட்டுல அந்தப் பேரீச்சம்பழம் முழுக்க மாமனார் வாயில போச்சு. (சிரிப்பு) சிரிக்காதீங்க, அந்தப் பொண்ணுக்கு ரத்தசோகை.

அன்னிக்குத் தங்கச்சி தாவிப் பிடிச்ச பிள்ளைக்கு இப்ப எட்டு மாசம். என் அம்மா போன வாரம் பேத்தியோட லேகியத்துக்குச் சுக்கு இடிக்க உக்காந்துட்டாங்க. "இடிங்கம்மா, தண்ணிச் செம்பு மட்டும் என் பொறுப்பு"ன்னேன். "உனக்கு நான் குடுக்கலையேடி"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க. அப்புறம் நிமிரவே இல்லை, இடிச்சுக்கிட்டே இருந்தாங்க.