சீனக்குடா விமானத்துக்குப் புது வர்ணம்



விஞ்ஞானகூட அலுமாரியிலிருந்த மர விமானத்துக்கு நாங்கள் புது வர்ணம் பூசியிருக்கிறோம். அது ஹரிக்கேன். 1942 ஏப்ரல் 9 காலை யப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடாவிலிருந்து எழும்பி எதிர்த்தவை 261ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன்கள். எங்கள் அம்மம்மாமார் சட்டிபானையோடு ஊரைவிட்டு ஓடிய நாட்கள் அவை.

பச்சையும் மண்ணிறமும் சுலபமாக முடிந்தன. வாக்குவாதமெல்லாம் இறக்கை வட்டத்தின் நடுச்சிவப்பில்தான். யப்பானியச் சூரியனோடு குழம்பாதிருக்க, பின்னர் இப்பகுதி விமானங்களில் சிவப்பை நீக்கினார்கள். அன்று காலை அது இருந்தது, ஆகவே வைத்தோம்.

இறக்கையின் அடியில் யாரோ கவராயத்தால் கீறிய இரண்டெழுத்தைத் தேய்க்க மட்டும் மனம் வரவில்லை. கீறியவர் இச்சபையில் இருந்தால், தேநீர் வேளையில் வந்து பார்க்கலாம்.