டாக்டர் சொன்ன சொல்லுக்கு என்ன பொருள்?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் டாக்டர் அல்லன். மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்தக் கூலிம் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய ஒருவரின் மகன். “உடல்நலத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்க” என்று தலைமையாசிரியர் கேட்டார். உடல்நலத்தைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்நலத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். காரணம், ஒரு சொல்லால் கெட்டவர் எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் உண்டு.

என் பெரியப்பா. முப்பது வருடம் பால் வெட்டியவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு நாள் அவரைச் சோதித்துவிட்டு, “உங்களுக்கு இரத்தக் கொதிப்பு” என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். பெரியப்பா வீட்டுக்கு வந்து சிரித்தார். “எனக்குக் கோபமே வராது, எனக்கு என்னடா தம்பி கொதிப்பு?” என்றார். கொதிப்பு என்றால் சூடுதானே, சூட்டுக்கு இளநீர் இருக்கிறதே என்று இளநீர் குடித்தார். உடம்பு குளிர்ந்தது போலிருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு வருடம் கழித்து ஒரு விடியற்காலை, வெட்டுக்குப் புறப்பட்டவர் வாசற்படியில் சாய்ந்தார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாயில் பேச்சு இல்லை. அதன்பின் ஆறு வருடம் படுக்கையில் இருந்தார்.

மருந்து கொடுத்தவர்மேல் குற்றம் இல்லை. மாத்திரையிலும் குற்றம் இல்லை. அவரை ஏமாற்றியது ‘கொதிப்பு’ என்ற நம் சொல்.

இதையே ‘ஹைப்பர்டென்ஷன்’ என்றும் சொல்கிறார்கள். அதைக் கேட்டவர்கள், “எனக்கு டென்ஷன் ஒன்றும் இல்லையே” என்கிறார்கள். இதுவும் அதே ஏமாற்றந்தான். ‘ஹைப்பர்’ என்பது கிரேக்கச் சொல். ‘மிகுதி’ என்று பொருள். ‘டென்ஷன்’ இலத்தீனிலிருந்து வந்தது. ‘இழுத்து விறைப்பது’ என்று பொருள். மனத்தின் விறைப்பு அல்ல, இரத்தக் குழாயின் விறைப்பு.

பால் வெட்டிய கைகளுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். இருட்டு விலகுமுன் ஏன் வெட்டுக்குப் போகிறோம்? அந்த நேரத்தில்தான் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் மிகுதி. கத்தி பட்டதும் பால் ஓடுகிறது. வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து பால் சுருங்குகிறது. அந்த விடியற்காலைப் பால் கொதிக்கிறதா? இல்லை, குளிர்ந்திருக்கிறது. ஆனால் அழுத்தம் மிகுதி. நம் இரத்தமும் அப்படித்தான். கோபம் இல்லாமல், சூடு இல்லாமல், ஒரு வலியும் காட்டாமல் குழாயின் சுவரை வருடக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கும். கருவியில் 140-க்கு 90 என்ற அளவும் அதற்கு மேலும் திரும்பத் திரும்பக் காட்டினால், அது கவனிக்க வேண்டிய அழுத்தம். கவனிக்காவிட்டால் மூளை, இருதயம், சிறுநீரகம் மூன்றையும் கெடுக்கும். ‘இரத்த அழுத்தம்’ என்று என் பெரியப்பாவிடம் சொல்லி, இந்தப் பால்மரத்தையும் காட்டியிருந்தால் அவர் மாத்திரையை விட்டிருப்பாரா? அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

ஆகவே பெற்றோர்களே, மருத்துவச் சொல்லைக் கேட்டதும் பயப்படவும் வேண்டாம், தெரிந்ததாக நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். அதைத் திறந்து பாருங்கள். உள்ளே பெரும்பாலும் வீட்டுச் சாமான்தான் இருக்கும்!

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் மருத்துவம் படித்தவர்கள் இலத்தீனில்தான் படித்தார்கள், எழுதினார்கள். மனித உடலை அறுத்துப் பார்த்து வெசாலியஸ் 1543-இல் வெளியிட்ட பெரிய நூலும் இலத்தீனில்தான் இருந்தது. அந்தப் பழைய மனிதர்கள் உடலுக்குள் கண்டதற்கெல்லாம், தெரிந்த பொருளின் பெயரையே வைத்தார்கள். பிள்ளைகளே, கையை மடக்கிப் பாருங்கள். மேற்கையில் ஒன்று உருண்டு ஓடுகிறதல்லவா? அவர்கள் அதைப் பார்த்துச் சுண்டெலி என்றார்கள். அதுதான் ‘மஸில்’. முழங்காலுக்குக் கீழே உள்ள நீண்ட எலும்பு ‘டிபியா’. அதற்குக் குழல் என்று பொருள். காதுக்குள் சுருண்டிருக்கும் ‘காக்ளியா’ நத்தைக் கூடு. எலி, குழல், நத்தை! இதற்கா நாம் நடுங்கினோம்?

நம் தமிழும் இதைத்தான் செய்தது. தோளின் முன்பக்க எலும்பை அவர்கள் சிறு சாவி என்றார்கள், ‘கிளாவிக்கிள்’ ஆயிற்று. நம்மவர் காறை எலும்பு என்றார்கள். காறை என்பது கழுத்தில் அணியும் நகை. முழங்காலின் முன்னால் இருக்கும் வட்ட எலும்பை அவர்கள் சிறு தட்டு என்றார்கள்; ‘பட்டெல்லா’ ஆயிற்று. நாம் முழங்காற்சில்லு என்றோம், நம் பெண்பிள்ளைகள் கட்டம் போட்டு எறிந்து விளையாடும் அதே சில்லு.

இன்னொரு நோயைப் பாருங்கள். ‘டயபிட்டிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊடே ஓடிப்போவது என்று பொருள். அதோடு சேர்ந்த ‘மெல்லிட்டஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்குத் தேன் போல் இனிப்பது என்று பொருள். நாம் நீர் இழிந்து ஓடுவதைக் கண்டு நீரிழிவு என்றோம். மதுமேகம் என்றும் சொன்னோம். மது என்றால் தேன். மலாய்க்காரர் ‘கெஞ்சிங் மானிஸ்’ என்கிறார். நாம் இங்கே இனிப்புநீர் என்கிறோம். கடல் பிரித்த மக்கள் ஒரே நோயாளியின் பக்கத்தில் நின்று ஒன்றையே கண்டிருக்கிறார்கள்.

ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. இனிப்பு என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு, “நான் தே ஓ கோசோங்தான் குடிக்கிறேங்க” என்று சொல்லிவிட்டு, மத்தியானம் சோற்றை மலையாகக் குவிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! சோறும் வயிற்றுக்குள் போனால் சர்க்கரைதான். பெயர் நோயின் ஒரு முகத்தைக் காட்டும். முழு உடம்பையும் காட்டாது.

சில பெயர்கள் முழுக்கவே தவறு. ‘மலேரியா’ என்பது இத்தாலியச் சொல். கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்தின் காற்றுத்தான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று நம்பினார்கள். கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியை ரொனால்ட் ரோஸ் 1897-இல் செக்கந்தராபாத்தில் கண்டுபிடித்தார். அதன்பின் 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்புத் தண்ணீரை வடிய வைத்தார், காய்ச்சல் குறைந்தது. இந்த நாட்டுத் தோட்டங்களில் நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் அந்தக் காய்ச்சலுக்குப் பலியானவர்கள். கெட்ட காற்று என்று சன்னலை மூடினால் போதாது, தேங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டும். சரியான பொருள் தெரிந்த பிறகுதான் சரியான வேலை நடந்தது.

“இதெல்லாம் இங்கிலீஷ் படித்தவர்களுக்குத்தானே?” என்று ஒரு தாய் என்னைக் கேட்டார். அவருக்கு யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு கதையைச் சொன்னேன். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் 1847-இல் அங்கே வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பிறகு தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் ஊரோடு இருந்து ஊராருக்கு மருந்து கொடுப்பார்கள் என்பது அவர் எண்ணம். அதற்காகத் தாமே தமிழ் கற்றார். மாணவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் தேடினார். 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உடற்கூற்று நூல் தமிழில் வந்தது. வேதியியலுக்கு ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டு 1875-இல் ஒரு நூல் வந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அறுவை மருத்துவமும் பேற்று மருத்துவமும் தமிழில் படித்துத் தேறியவர்கள் இருந்தார்கள். ஆகவே, “இது தமிழனுக்குப் புரியாது” என்று யாரும் சொல்ல வேண்டாம். நாமும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இன்று கூலிம் ஹைடெக் பூங்காவில், 1996-இல் தொடங்கிய அந்தப் பெரிய தொழிற்பேட்டையில், தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ கருவிகளின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நம் உடம்பு என்ற கருவியின் பெயர்களை மட்டும் தெரியாமல் இருக்கலாமா?

முடிவாக மூன்று சொற்கள். ‘பேஷன்ட்’ என்றால் பொறுத்துக்கொண்டிருப்பவர். வலியைப் பொறுக்கலாம், புரியாமையைப் பொறுக்க வேண்டாம். ‘டாக்டர்’ என்றால் இலத்தீனில் கற்பிப்பவர். அவரைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அவர் பெயரிலேயே இருக்கும் வேலையைத்தான் கேட்கிறோம். “இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? உடம்பில் எந்த இடம்? மருந்தை எத்தனை நாளைக்குச் சாப்பிட வேண்டும்?” என்று கேளுங்கள். மலாயில் “அப்பா மக்சுட், டொக்டர்?” என்றாலும் போதும். தமிழ் பேசும் தாதியோ, பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது சொல் பிள்ளைகளுக்கு. கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரிகிறதே, அதற்கு இலத்தீனில் சிறு பொம்மை என்று பொருள்படும் பெயர். ஒருவர் கண்ணுக்குள் நாம் உற்றுப் பார்த்தால் நம் உருவமே சிறு பொம்மையாகத் தெரியும். நாமும் அதைப் பாவை என்கிறோம். பாவை என்றாலும் பொம்மைதான். மலாயில் கண்ணின் குழந்தை. ஆங்கிலத்தில் அது ‘பியூப்பில்’. பள்ளி மாணவனுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்! பெரியவர் பொறுப்பில் வளரும் சிறுபிள்ளை என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை இரண்டும்.

தாய்மார்களே, பிள்ளையைக் கண்மணி என்று கொஞ்சுகிறீர்கள். அது வெறும் கொஞ்சல் அல்ல. நாளைக்கு உங்களுக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள், அதில் ஒரு சொல் இருக்கும். அதைப் படித்துச் சொல்லப்போகிற கண் இந்தப் பிள்ளைதான். பரிசு வாங்கும் செல்வங்களே, அந்தச் சொல்லைத் தெரியாமல் விட்டுவிடாதீர்கள். என் பெரியப்பாவுக்கு அன்று அப்படி ஒரு கண் பக்கத்தில் இல்லை.