மூலம்னு நினைச்சது மரு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்குச் சேமிப்பு, தவணை பற்றி இல்லை. ஆசனவாயில் வரும் மருவைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க, ஆனா காது கொடுத்துக் கேளுங்க.

நம் குழு ஒன்றில் ஒரு சகோதரி. பெயர் வேண்டாம். மலம் போகும் இடத்தில் சின்னச் சின்னதாகத் தட்டுப்பட்டது. மூலம் என்று அவரே முடிவு கட்டி, 5,000 ரூபாய் உள்கடன் வாங்கி, மூலத்துக்கு மருந்து வைக்கிற ஒருவரிடம் போனார். அவர் ஏதோ காரத்தைத் தடவிவிட்டார். புண்ணாகி, உட்கார முடியாமல், பத்து நாள் கூலியும் போச்சு. பிறகு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இது மூலமே இல்லம்மா, மரு" என்றார்.

மூலம் மெத்தென்று இருக்கும், முக்கும்போது வெளியே தள்ளும். மரு மிளகு அளவில் சொரசொரப்பாக ஆரம்பித்து, பலதாகி, ஒன்றாகச் சேர்ந்து காலிஃப்ளவர் பூப்போல ஆகும். வலி பெரும்பாலும் இருக்காது. அரிப்பு, கசிவு இருக்கலாம். ரத்தம் இரண்டிலும் வரும், அதனால் நாமே முடிவு செய்யக் கூடாது. மேக நோயிலும் தட்டையான தடிப்பு வரும் என்பதால் ரத்தமும் சோதிப்பார்கள்.

இது ஹெச்.பி.வி. என்ற வைரஸ் கிருமியால் வருவது. உடலுறவில் தோல் உரசிப் பரவும். பின்வழி உறவு இல்லாதவர்களுக்கும் அங்கே வரும். கிருமி ஒட்டி மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட மரு தெரியலாம். அதனால் யார் கொடுத்தது என்று வீட்டில் சண்டை போட்டுப் பயனில்லை. கணவரையும் காட்டச் சொல்லுங்கள்.

டாக்டர் மருந்து தடவுவார், இல்லையென்றால் உறைய வைத்தோ சுட்டோ எடுப்பார். ஒரே தடவையில் போகாது. போனாலும் முதல் மூணு மாசத்துக்குள் திரும்ப வரலாம், பாதியில் விட்டுடாதீங்க. கர்ப்பமா இருந்தா முதல்லயே சொல்லணும், சில மருந்து ஆகாது. சுண்ணாம்பு, முடி கட்டுவது, கால் மருவுக்கு விற்கிற மருந்து எதுவும் அங்கே கூடாது.

புற்றுநோயா என்று பயப்படுகிறீர்கள். பெரும்பாலும் மருவை உண்டாக்கும் 6, 11 வகைக் கிருமிகள் அந்த ரகம் இல்லை. ஆனாலும் 30 வயது தாண்டியவர்கள் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. உள்கடன் கேட்டால் தீர்மானப் புத்தகத்தில் 'மருத்துவச் செலவு' என்று எழுதினால் போதும். எந்த இடத்தில் என்று கேட்காதீங்க. பெரியாஸ்பத்திரியில் தோல், பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. தனியாகப் போகக் கூச்சமென்றால் எங்களிடம் சொல்லுங்கள், கூட வருகிறோம்.