திராக்ஷையின் புளிப்பும் சீதோஷ்ணமும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் நமக்கு மிகத் தூரமானதாகத் தோன்றலாம். திராக்ஷை பழுக்குங்கால் அதன் புளிப்பைச் சீதோஷ்ணம் எவ்வாறு மாற்றுகிறது என்பதே அது. மதுபானத்தைச் சிலாகிப்பது என் நோக்கமன்று. ஆயினும் ஜெர்மனி தேசத்துத் திராக்ஷைக் குடியானவர்களுக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. ரைன் நதிப் பிரதேசத்தில் 1864-ஆம் வருஷம் ரைபைசன் என்பவர் ஹெட்டெஸ்டார்பில் கடன் சங்கம் ஸ்தாபித்தார். அத்தகைய சங்கங்களின் முறையை ஆராய்ந்து பிரடெரிக் நிக்கல்ஸன் துரை 1895, 1897 வருஷங்களில் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை சமர்ப்பித்தார். 1904-ஆம் வருஷத்துச் சட்டம் அதன் பின் பிறந்தது. அதே பிரதேசத்தில், ஆர் என்னும் நதிப் பள்ளத்தாக்கிலுள்ள மைஷோஸ் கிராமத்தார் 1868-ல் திராக்ஷை பயிரிடுவோர் சங்கம் ஒன்றைக் கண்டனர்.

இனி விஷயத்துக்கு வருவோம். நம் வீட்டு மாங்காய் பழுக்கும்போது புளிப்புக் குறைந்து இனிப்பு ஏறுவதை எல்லோரும் அறிவோம். திராக்ஷையும் அவ்வாறே. காய் மெத்தென்றாகி நிறம் மாறத் தொடங்கும் சமயத்துக்குச் சற்று முன்னர்ப் புளிப்பு உச்சத்தில் நிற்கும். பின்னர்ச் சர்க்கரை ஏற ஏறப் புளிப்பு இறங்கும்.

அப்புளிப்பில் முக்கியமான அமிலங்கள் இரண்டு. ஒன்று டார்டாரிக் அமிலம். மற்றொன்று, ஆப்பிள் பழத்துக்குப் புளிப்பூட்டும் மாலிக் அமிலம். முன்னது உஷ்ணத்தால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. பழம் பருக்கும்போது சாற்றில் அது விரவிப் போகும். மண்ணிலிருந்து ஏறும் பொட்டாசியத்தோடு சேர்ந்து அதில் ஒரு பங்கு உப்பாகும். ரசம் வைத்த பீப்பாயின் உட்புறத்தில் கல்போல் படிவது அவ்வுப்பே. பின்னதோ, பழம் சுவாசிப்பதற்கு எரிபொருளாகிறது. உஷ்ணம் ஏறினால் சுவாசம் விரைவாகும். மாலிக் அமிலமும் விரைவில் கரையும். இரவு குளிர்ந்திருந்தால் அந்த அளவுக்கு அது மிஞ்சும். ஆகையால் பகல் வெயில் மட்டுமன்று, இரவின் குளிர்ச்சியும் கணக்கில் சேரும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 6 டிகிரி உஷ்ணம் குறையும். எனவே மலைத் தோட்டத்துப் பழத்துக்கும் பள்ளத்துத் தோட்டத்துப் பழத்துக்கும் ருசி பேதம் உண்டாகிறது.

வடக்கே அட்சரேகை 50 டிகிரியை ஒட்டிய அப்பிரதேசத்தில் முற்காலத்தில் குளிரே சத்துருவாயிருந்தது. வெயிலைப் பிடிக்கவே தெற்கு நோக்கிய செங்குத்தான சிலேட்டுப் பாறைச் சரிவுகளில் கொடி நட்டார்கள். கோடை குளிர்ந்த வருஷத்தில் பழம் பல்லைக் கூசச் செய்யும், ரசம் விலைபோகாது, குடியானவன் கடனாளியாவான். டிரியர் நகரத்து லுட்விக் கால் என்பவர் 1850-ஆம் வருஷங்களில், புளிப்பான ரசத்தில் சர்க்கரையும் நீரும் சேர்க்கும் முறையைப் பரப்பியது இந்தக் கஷ்டத்தைத் தீர்க்கவே.

இப்போதோ கவலை தலைகீழாயிற்று. 2003-ஆம் வருஷத்துக் கடும் கோடையில், வழக்கமாக அனுமதியில்லாத குளிர்ப் பிரதேசங்களுக்கும் ரசத்தில் அமிலம் சேர்க்க ஐரோப்பியச் சமூகம் விசேஷ அனுமதி தந்தது. பிரான்சு தேசத்துப் போன் நகரில் 1354-ஆம் வருஷம் முதற்கொண்ட அறுவடைத் தேதிகளை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டனர். 1988-க்குப் பின் அறுவடை, அதற்கு முந்திய நூற்றாண்டுகளின் சராசரியைவிட 13 நாள் முந்தி வந்ததாக அதில் கண்டனர்.

புளிப்புக் குறைந்தால் நஷ்டம் என்ன என்று கேட்பீர்கள். ரசம் சப்பென்றாகும், நிறம் மங்கும், கெடுக்கும் கிருமிகள் எளிதில் பற்றும்.

இங்கேதான் சங்கத்தின் கடமை வருகிறது. சர்க்கரை அளவு ஒன்றையே பார்த்து விலை கொடுத்தால், அங்கத்தினன் இன்னும் நான்கு நாள் பழத்தைக் கொடியில் விட்டு வைப்பான். அவனுக்கு விலை ஏறும். ஆனால் அந்த நான்கு நாள் வெயிலில் புளிப்புப் போய்விடும். எல்லோர் பழமும் ஒரே தொட்டியில் கலப்பதால், ஒருவனுடைய லாபத்துக்கு ஊரார் அனைவரும் நஷ்டமடைவர். குற்றம் அவனுடையதன்று, அளவுகோலுடையது.

ஆகவே செய்ய வேண்டியவை யாவை? நிழலிலும் வெயிலிலும், குலையின் மேலும் கீழுமாகப் பழம் பொறுக்கிச் சாறெடுத்து, சர்க்கரையையும் புளிப்பையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாய் விட்டுப் புளிப்பை அளப்பது கிராமத்திலேயே செய்யக்கூடியது. வெயில் மிகுந்த வருஷத்தில் குலையை மறைக்கும் இலைகளைக் கிள்ளலாகாது. குளிர்ந்த வருஷத்தில் கிள்ளலாம். பறிப்பதை விடியற்காலையில் முடிப்பது நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, அறுவடைத் தேதியைச் சங்கம் கூடித் தீர்மானித்து, விலையை இரண்டு அளவுகளையும் கொண்டு நிர்ணயிக்க வேண்டும்.

நீங்கள் திராக்ஷை பயிரிடாதவர்களாயிருக்கலாம். எனினும் பலர் விளைவையும் ஒன்றாய்க் கூட்டி விற்கும் எந்தச் சங்கத்துக்கும் இது பொருந்தும். வெயிலும் குளிரும் நம் வசத்திலில்லை. எதை அளப்பது, எதற்கு விலை கொடுப்பது என்பது நம் வசத்திலுள்ளது. அதை ஒற்றுமையாய்த் தீர்மானித்துக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.