தீவு மாணவரும் அயல்நாட்டுப் பயிற்சியும்

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று நாள் கடலை மட்டுமே கண்டு, அந்தமானில் வந்து வேரூன்றியவர்கள் நாம். இன்று நம் பிள்ளைகள் பொறியியல் பயில்கின்றனர். அண்மையில் நம் அன்பர் ஒருவரின் இல்லத்தில், ஜெர்மனி நாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் கோடைக்காலப் பயிற்சி பெற மகள் விரும்பினாள். அதைக் கேட்ட தாயார், "நாங்கள் தாண்டிய கடல் போதாதா? இவள் இன்னொரு கடலையும் தாண்ட வேண்டுமா?" என்றார். வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்த் தாயர் பலரின் வினாவும் இதுவேயன்றோ!

தீவு என்றால் ஒதுக்கிடம் என்று எண்ணுகிறோம். ஆயின் போர்ட் பிளேரிலிருந்து, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, சென்னை ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். பெரிய நிக்கோபாரின் தென்கோடியிலிருந்து சுமத்திராவோ மிக அருகில்தான். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில், சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட ஒளியிழைக் கம்பிவடம் இயங்கத் தொடங்கியது. ஆகவே விண்ணப்பமும் நேர்காணலும் இன்று வீட்டிலிருந்தே இயலும்.

வாயில்கள் பல உள. தொழிற்பயிற்சிக்காக மாணவரைப் பரிமாறிக்கொள்ளும் 'அயேஸ்தே' என்னும் பன்னாட்டுச் சங்கம் 1948-இல் லண்டனில் தோன்றியது. பயிற்சி தரும் நிறுவனம் உண்டி உறையுளுக்குப் போதிய தொகை வழங்கும். வழிச்செலவு பெரும்பாலும் மாணவருடையது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்றக் கழகம் 1925 முதலும், ஜப்பான் அரசின் உதவிச்சம்பளம் 1954 முதலும் நடைபெற்று வருகின்றன. 2004-இல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் முதுகலைப் படிப்பை ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பயிலலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பொறியியற் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று மதிப்பதற்கு 1989-இல் வாஷிங்டன் உடன்படிக்கை ஏற்பட்டது. 2014-இல் இந்தியா அதில் முழு உறுப்பாயிற்று. எனினும் நம் நாட்டுப் பட்டங்கள் அனைத்திற்கும் அம்மதிப்பு உரியதன்று. தேசிய அங்கீகார வாரியம் முதல் அடுக்கில் ஏற்ற பாடப்பிரிவுகளுக்கே உரியது. ஒரே கல்லூரியில் ஒரு பிரிவு அதனைப் பெற்றிருக்கலாம், மற்றொன்று பெறாதிருக்கலாம். கல்லூரியின் பெயரை மட்டும் நம்பாமல், சேருமுன்னரே பாடப்பிரிவின் நிலையைக் கேட்டறிதல் பெற்றோர் கடமை.

மேலும், உதவிச்சம்பளம் வாங்கித் தருவதாகக் கூறி முன்பணம் கேட்கும் தரகரை அண்டவிடலாகாது. இரண்டாம் ஆண்டிலேயே கடவுச்சீட்டுப் பெறுதலும், செல்லவிருக்கும் நாட்டின் மொழியைச் சிறிதேனும் கற்றலும், ஆசிரியரிடம் நற்சான்று பெறத்தக்கவாறு உழைத்தலும் பணத்தினும் மேலான முதலாகும்.

இனி அத்தாயின் வினாவுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாளின் ஆழிப்பேரலையை நாம் மறக்கவில்லை. நில அதிர்ச்சியைத் தாங்கும் வீடு, உப்புக் காற்றில் துருப்பிடிக்காத பாலம், கடல்நீரிலிருந்து குடிநீர், டீசலை நம்பாத மின்சாரம் — இவையெல்லாம் இத்தீவுகளின் அன்றாடத் தேவைகள். இவற்றில் தேர்ந்த நாடுகளில் நம் பெண் சில திங்கள் பயின்றால், அக்கல்வியின் பயன் இக்கரைக்கே வந்து சேரும்.

அவள் திரும்பி வருவாள் என்று நாம் உறுதி கூற இயலாது. நாம் கப்பலேறியபோது நம் தாயர்க்கும் எவரும் அவ்வுறுதி கூறவில்லை. ஆயினும் அவர்கள் நம்மை வழியனுப்பினர்.