மதிலை வெட்டிய படம்

(பொங்கல் விழா மாலையில் நமது கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நீங்கதான் கேமராவும் கையுமா அலையறீங்களே, அதைப் பத்தி பதினைந்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பி.காம். படித்து, வங்கியில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். மேடைப் பேச்சு பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், முடிந்ததும் சொல்லிவிடுங்கள்.

பெரம்பலூர் கிளையில் ஏழு வருடம் இருந்தேன். எங்களுக்கு அப்போது பெரிய தலைவலி முகவரிதான். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமானது, அடுத்த வருடமே திரும்பச் சேர்ந்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர் மட்டும்தான் சந்தோஷமாக இருந்தார்! அந்த ஏழு வருடத்தில் சென்னை நெடுஞ்சாலையில் எத்தனையோ தடவை ரஞ்சன்குடியைக் கடந்து போயிருக்கிறேன். கோட்டை இருக்கிறது என்று தெரியும். ஒரு தடவைகூட இறங்கிப் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மகள் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தாள். வீட்டில் சும்மா இருந்தால் அம்மாவோடு சண்டை போடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அப்போதுதான் யூடியூபில் ருமேனியா நாட்டுத் தேவாலயங்களைப் பார்த்தேன். திரான்சில்வேனியா என்ற பகுதியில் ஊர்க்காரர்கள் தங்கள் தேவாலயத்தையே கோட்டையாக்கி வைத்திருக்கிறார்கள். படையெடுப்பு வந்தால் ஊரே மதிலுக்குள் போய்விடும். பியர்டான் என்ற ஊரில் மட்டும் மூன்று சுற்று மதில். 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். விவாகரத்து கேட்கும் தம்பதியை அங்கே ஓர் அறையில், ஒரே கட்டில், ஒரே தட்டு, ஒரே கரண்டியோடு அடைத்து வைப்பார்களாம். நம் பொதுக்குழுவுக்கும் அப்படி ஓர் அறை கட்டலாம் என்று தோன்றியது. சரி, அது வேறு விஷயம்.

சாமி கும்பிடுகிற இடமே கோட்டையாகவும் இருந்த கதை நம் ஊரிலும் உண்டு. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. பீரங்கிக் குண்டுக்கும் தீக்கும் பயந்து கூரையில் மரமே வைக்காமல், தடித்த செங்கல் வளைவாகக் கட்டினார்கள். நம் பக்கம் ஏலாக்குறிச்சியில் மதில் கிடையாது. ஆனால் வீரமாமுனிவர் அந்த ஊருக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: திருக்காவலூர். மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர். காவல், அடைக்கலம் இரண்டும் பெயரிலேயே வந்துவிட்டன. இத்தாலியில் பிறந்து, கொள்ளிடக் கரைக்கு வந்து, அந்த ஊர் மேல் கலம்பகமும் பாடினார் அவர்.

ஆனால் எனக்குப் பாடம் கிடைத்த இடம் கங்கைகொண்ட சோழபுரம்.

அதற்கு முன்னால் எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் நான்கு பேர். அரியலூரில் நெகட்டிவ் காலத்திலிருந்து கல்யாணப் படம் எடுத்த ஸ்டுடியோக்காரர் ஒருவர், சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் இளம் பெண் என்ஜினியர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நான். மாதம் ஒரு ஞாயிறு ஜெயங்கொண்டத்தில் ஒரு டீக்கடையில் கூடுவோம். போனில் காட்டக் கூடாது, பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும். எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்ற மூவரும் சொல்லி முடித்த பிறகுதான் அவர் பேசலாம்.

என் முறை வந்தபோது பிரகதீஸ்வரர் கோயில் விமானத்தின் படத்தை வைத்தேன். நீல வானம், பச்சைப் புல்தரை, நடுவில் விமானம். ஓரத்தில் கொஞ்சம் இடிந்த கல்லும் சுவரும் இருந்தன. அவற்றை வெட்டிவிட்டு, மிச்சத்தையும் கம்ப்யூட்டரில் விரலால் தடவி அழித்துச் சுத்தமாக்கியிருந்தேன். நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அதற்கு நாற்பத்தொரு கைதட்டல் வந்தது. கைதட்டியவர்கள் பலர் இங்கேயே இருக்கிறீர்கள்.

ஸ்டுடியோக்காரர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அண்ணே, ஜவுளிக்கடை காலண்டருக்கு எடுத்ததா?" என்றார். அந்தப் பெண், "தென்மேற்கு மூலையில ஒரு கொத்தளம் இருக்குமே சார், அது எங்க?" என்றாள். தலைமையாசிரியர் அதற்கும் மேலே போனார். கோயிலின் வெளிமதில் கர்நாடகப் போர்க் காலத்தில் கோட்டையாகப் பயன்பட்டது, 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அந்த மதிலின் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள் என்று விளக்கிவிட்டு, "அவங்க விட்டுவெச்ச மிச்சத்தை நீங்க அழிச்சிட்டீங்க" என்றார்.

எனக்குப் பேச உரிமை வந்தபோது பேசவில்லை. பிரிண்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அடுத்த மூன்று மாதம் போகவில்லை. முதுகு வலி என்று சொன்னேன். முதுகுக்கு ஒன்றுமில்லை.

வங்கியில் இருந்தவர்களுக்குத் தெரியும். நான் எழுதிய வவுச்சரை நானே பாஸ் செய்ய முடியாது. இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினால் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. ராத்திரி ஒன்பது மணி ஆனாலும் அறுபது பைசா வித்தியாசத்தைத் தேடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம். முப்பத்தைந்து வருடம் அப்படி இருந்தவனுக்கு ஒரு போட்டோவைக் குறை சொன்னதும் ஏன் அவ்வளவு சுருக்கென்றது? யோசித்துப் பார்த்தேன். வவுச்சர் வங்கியுடையது, படம் என்னுடையது. அதுதான் காரணம்.

ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனேன். விமானத்தின் பக்கமே போகாமல் நேரே தென்மேற்கு மூலைக்குப் போய் உட்கார்ந்தேன். உச்சி வெயிலில் கல் எல்லாம் சப்பையாக, ஒரே நிறமாக இருந்தது. நாலரைக்கு மேல் வெயில் மேற்கிலிருந்து சாய்ந்ததும் ஒவ்வொரு கல்லின் விளிம்பும் நிழலோடு எழுந்து நின்றது. எது பழைய சுவர், எது போருக்காக ஒட்டவைத்தது என்று முதல் தடவையாகத் தேடிப் பார்த்தேன். ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலுக்குள் துப்பாக்கியோடு சிப்பாய்கள் உட்கார்ந்திருந்த காலத்தை நினைத்துக்கொண்டேன். அதற்கு முன் பத்துத் தடவையாவது அங்கே போயிருப்பேன். அதெல்லாம் தரிசனக் கணக்கில்தான் வரும்.

மதிலை முன்னால் வைத்து, விமானத்தைப் பின்னால் தள்ளி எடுத்தேன். அழகான படம் இல்லை. மறு ஞாயிறு டீக்கடைக்குப் போய் மேஜைமேல் வைத்தேன். முதுகு வலியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஸ்டுடியோக்காரர், "மதில் இப்பதான் வந்திருக்கு. ஆனா கேமராவை மேல தூக்கிட்டீங்கண்ணே, விமானம் பின்னால சாயுது. பத்தடி தள்ளி நின்னிருக்கணும்" என்றார். அந்தப் பெண், "ஒரு ஆள் நின்னிருந்தா மதிலோட உயரம் தெரிஞ்சிருக்கும் சார்" என்றாள். இரண்டும் சரி. இரண்டையும் பிரிண்டின் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். இதோ, வேண்டுமானால் கைமாற்றிப் பாருங்கள்.

கைதட்டிய நாற்பத்தொரு பேரைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். நானும் உங்கள் பேரக்குழந்தை படத்துக்கெல்லாம் பார்க்காமலே கைதட்டியிருக்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு ரஞ்சன்குடி போகிறோம். அதுவும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று நிலையில் மதில் உள்ள கோட்டை, வெளியே அகழி. தொல்லியல் துறை இடம் என்பதால் முக்காலி ஸ்டாண்டுக்குத் தனி அனுமதி வேண்டும், கொண்டுவர வேண்டாம். போன் கேமராவே போதும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். காலை ஐந்து மணிக்கு மெயின் கேட்டில் வேன் நிற்கும். என் பக்கத்தில் இரண்டு சீட் காலி. திரும்பி வந்து ஆளுக்கு ஒரு படம் பிரிண்ட் போட வேண்டும், அடுத்தவர் பேசும்போது வாயைத் திறக்கக் கூடாது. சம்மதம் என்றால் பெயர் கொடுங்கள்.