மேடைக்கு ஒரு சிலம்பு



கோவலன் கதையின் வழக்குரைக் கட்டத்திலே சிறியதோர் அணிகலமே அரசனையும் அரசியையும் விஞ்சி நிற்கின்றது. பாண்டிமாதேவியின் சிலம்பின் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பின் பரல் மாணிக்கம். அது அவை நடுவே உடைந்து பரல் தெறித்தாலன்றி நீதி வெளிப்படாது. வற்றாப்பளை அம்மன் வழிபாட்டோடு இக்கதையைப் போற்றிவரும் வன்னியிலே, உடையாத சிலம்பைக் காட்டிச் சபையோரை அமைதிப்படுத்துதல் அரிது.

ஸ்கந்தபுரம் போன்ற ஊரொன்றிலே கூத்தாடப் புகும் பிள்ளைகள் அதனை வீட்டுத் தாழ்வாரத்திலேயே செய்துகொள்ளலாம். வேண்டியது, கிணற்றடி வேலையில் மிஞ்சிய அரை அங்குல எஸ்லோன் குழாய். வீட்டில் மிஞ்சியதையே எடுத்தல் வேண்டும். 2009இல் போர் முடிந்தபோது வன்னி நிலத்தில் எஞ்சிய மிதிவெடிகளுள் பிளாஸ்ரிக் உறை கொண்டனவும் இருந்தன. மழை மண்ணைக் கரைத்தபின் அத்தகையது வெறும் டப்பியாகவே கண்ணுக்குப் படும். பற்றைக்குள் கிடக்கும் எதனையும் தொடாது, வந்த அடியிலேயே திரும்பிப் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும்.

குழாயை நெருப்பிலே காட்டலாகாது. பீ.வீ.சீ. கருகினால் மூச்சுப்பாதையைப் புண்படுத்தும் ஐதரசன் குளோரைட்டு வாயு எழும். ஏறத்தாழ 80 பாகை செல்சியசிலேயே அது இளகிவிடுமாதலின், சட்டியில் சுடவைத்த உலர்மணலே போதும். பெரியவர் ஒருவர் கையுறை அணிந்து, ஒரு முனை அடைத்த குழாயினுள் மணலைப் பெய்து, இளகியதும் தடித்த போத்தலைச் சுற்றி வளைத்து, ஈரத்துணியால் ஆற்றுவாராக. உள்ளிருக்கும் மணல் குழாய் நசுங்காமற் காக்கும்.

எண்ணெய்க் கான், போத்தல் மூடி முதலியன இவ்வேலைக்கு உதவா. அவற்றிலே பசையும் நில்லாது, வர்ணமும் நில்லாது. நீரில் இட்டால் அவை மிதக்கும், குழாய்த்துண்டோ அமிழும்.

ஆறிய வளையத்தை இரு பாதியாக அறுத்து, ஒரு பாதியின் இரு வாயிலும் மரமுளை செருகி, முனையைச் சற்றே நீட்டிவிடுக. மற்றப் பாதியினுள் மஞ்சாடி விதைகளை இட்டால், நடக்கையில் ஒலிக்கும். உடைகையில் மாணிக்கமாய்ச் சிதறும். மேற்புறத்தை அரத்தாளால் தேய்த்து, நூல் சுற்றி ஒட்டி, பொன்வர்ணம் பூசி, இடுக்குகளிலே சிறிது கரி படியவிடுதல் நன்று. மிகையாகப் பளபளக்கும் சிலம்பு விளையாட்டுப் பொருளாய்த் தோன்றும்.

முளையின் இறுக்கமே கைத்திறம் வேண்டுமிடம். இறுகினால் எறிந்தும் திறவாது. தளர்ந்தாலோ கண்ணகி வாயில் காப்போனிடம் பேசும்போதே மாணிக்கம் கொட்டிவிடும். ஒத்திகையிலே பத்து முறையாவது எறிந்து பார்த்து, முளையைச் சிறிது சிறிதாகச் சீவிக்கொள்ளல் வேண்டும்.